ஒன்பது ஊசியும் ஒரு விரல் சந்தனமும்

செப்டம்பர் 4, 2025 – வியாழன்

இன்று மொத்தம் பதினான்கு லாரி. அதில் ஒன்று வழி கேட்க நின்றது. எடை போட்ட கணக்கில் அதையும் சேர்க்கலாமா என்று ஷாரோனைக் கேட்டேன். முறைத்தாள்.

மாமனார் நரசிம்மனின் எடைமேடை இது. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் இருக்கிறது. லாரி மேடைமேல் ஏறி நிற்கும். அறைக்குள் ஒரு பெட்டி சிவப்பு எண்ணில் எடையைக் காட்டும். பெட்டியிலிருந்து ஒரு கேபிள் கணினிக்கு வரும், கணினி சீட்டு அடிக்கும். சீட்டைக் கிழித்துக் கொடுப்பது ஷாரோன். என் வேலை பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடத்தில் பதினெட்டு வருடமாக நான் செய்ததும் ஏறக்குறைய இதேதான். அங்கே ஏசி இருந்தது.

அந்தக் கட்டடத்தை விட்டு அனுப்பும்போது ஒரு சின்னப் பெண், என் வயதில் பாதிதான் இருக்கும், மேசைக்கு அந்தப் பக்கமிருந்து சிரித்தபடி சொன்னாள்: “உங்க ஸ்கில்ஸ் எல்லாம் லெகசி சார்.” பழசு என்பதற்கு இவ்வளவு மரியாதையான சொல் இருப்பது அன்றுதான் தெரியும். கூடவே ஒரு பூங்கொத்தும் கொடுத்தார்கள். பிளாஸ்டிக்.

இங்கே இருக்கும் கணினியைப் பார்த்தால் நான் பச்சைக் குழந்தை. வெள்ளையாகப் பிறந்து பீடிப்புகை நிறத்துக்கு வந்துவிட்ட பெட்டி. விசைப்பலகைக்கு உருண்டை முனை. திரைக்கு நீல வாய், இரண்டு பக்கமும் திருகாணி. பின்னால் குனிந்து பார்த்தால் ஒன்பது ஊசியோடு சீரியல் போர்ட். நான் கல்லூரியில் படித்தபோதே வாத்தியார், “இது சீக்கிரம் ஒழிஞ்சிரும்பா” என்றார். வாத்தியார் ஓய்வு பெற்றுவிட்டார். இது பெறவில்லை.

தூசி தட்டக் கையை நீட்டினேன். ஷாரோன் தடுத்துவிட்டாள்.

“அதைத் தொடாதீங்க சார். ஓடிக்கினு கீது இல்ல? ஓடிக்கினு இருக்கறத ஏன் நோண்டறீங்க?”

செப்டம்பர் 5

நோண்டத்தான் போகிறேன்.

செப்டம்பர் 11 – வியாழன்

சாப்பிடும்போது மாமா விஷயத்தைப் போட்டு உடைத்தார். சென்னையிலிருந்து ஒரு பார்ட்டி இந்த இடத்தைக் குடோன் கட்டக் கேட்கிறதாம்.

“தீவாளி வரிக்கும் பாக்கலாம் மாப்ள. இது சரியா ஓடலன்னா அவனுக்கே வுட்டுர்லாம். இன்னா சொல்றீங்க?”

ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.

இடம் போனால் ஷாரோனுக்கு வேலை போகும். எனக்கும் போகும். மறுபடி கேளம்பாக்கம் ஃபிளாட்டில், மனைவி தமிழ்ச்செல்வி வங்கிக்குக் கிளம்பிய பிறகு, ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டும். அந்த ஃபேனுக்கு மூன்று இறக்கை, ஒன்றில் ஒரு கீறல். எனக்கு நன்றாகத் தெரியும். மறுபடி அதைப் பார்க்க என்னால் முடியாது.

எனவே முடிவு செய்துவிட்டேன். எடைமேடையை நவீனமாக்குவது. எடை போட்டதும் லாரிக்காரன் கைப்பேசிக்குச் சீட்டு தானாகப் போக வேண்டும். மாமா வாயைப் பிளக்க வேண்டும்.

எடைப் பெட்டியை மட்டும் மாற்ற முடியாது. அதில் அரசு ஆய்வாளர் வைத்த ஈய முத்திரை தொங்குகிறது. பெட்டியை மாற்றினால் மேடையை மூடிவிட்டு, மறுமுத்திரைக்கு அலைய வேண்டும். பெட்டிக்கோ பேசத் தெரிந்த ஒரே வாய் அந்த ஒன்பது ஊசி. இருக்கட்டும். கணினியை மாற்றுவோம்.

செப்டம்பர் 15 – திங்கள்

புதுக் கணினி வந்தது. இட்லித் தட்டு அளவுதான், அவ்வளவு அழகு. சீரியல் போர்ட் கிடையாது. நாலைந்து யூ.எஸ்.பி. ஓட்டை மட்டும். பெட்டிக்கும் இதற்கும் நடுவில் கோர்க்க கேளம்பாக்கத்தில் ஒரு கன்வெர்ட்டர் வயர் வாங்கினேன். ஒரு முனை ஒன்பது ஊசி, மறு முனை யூ.எஸ்.பி. பழைய மாமியாருக்கும் புது மருமகளுக்கும் நடுவில் பேசிவிட ஒரு ஆள் மாதிரி. அப்படிப்பட்ட ஆட்கள் குடும்பத்தில் என்ன செய்வார்கள் என்பதை யோசித்திருக்க வேண்டும்.

பழைய கணினியைக் கழற்றி வெளியே கொட்டகையில் வைத்தேன். காயலாங்கடைக்காரர் ஆபிரகாமிடம் சொல்லியாயிற்று. அடுத்த மாசம் இந்தப் பக்கம் வரும்போது எடுத்துக்கொள்கிறாராம்.

செப்டம்பர் 16

எடை வரவில்லை. பெட்டியில் எண் தெரிகிறது, கணினியில் முட்டை. ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு ஷாரோன் சாவகாசமாகச் சொன்னாள், போனுக்குச் சார்ஜ் போட அந்த வயரைப் பிடுங்கிப் பக்கத்து ஓட்டையில் செருகினாளாம்.

அவ்வளவுதான் நடந்தது. ஓட்டை மாறியதும் கணினி அதைப் புது ஆளாக நினைத்துவிட்டது. நேற்று மூன்றாம் நம்பர் வாசலில் இருந்தவர் இன்று ஏழாம் நம்பர் வாசலில். நம் மென்பொருளோ மூன்றாம் வாசலிலேயே தட்டிக்கொண்டு நிற்கிறது.

“பழசுல ஒரே ஓட்ட சார். கொழப்பமே இல்ல.”

வயரைப் பிடுங்கிப் பழைய ஓட்டையிலேயே செருகினேன்.

செப்டம்பர் 18 – வியாழன்

ஓடுகிறது! சீட்டு கைப்பேசிக்குப் போகிறது. மாமா வந்தார், நின்று பார்த்தார், “பரவால்ல” என்றார். அவர் கணக்கில் அது பத்மஸ்ரீ.

செப்டம்பர் 23 – செவ்வாய்

பேஜாரு. எப்பேர்ப்பட்ட பேஜாரு.

காலையில் வந்து கணினியைப் போட்டேன். ராத்திரியே தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு சுத்தபத்தமாக உட்கார்ந்திருந்தது. புதுப்பித்த கையோடு, கன்வெர்ட்டரில் இருப்பது போலிச் சில்லு என்று கண்டுகொண்டு, இனி இதோடு பேச மாட்டேன் என்றுவிட்டது. நேற்று மாலைவரை கொஞ்சிக்கொண்டிருந்த ஜோடி!

சாலையில் லாரி வரிசை. ஹாரன். வேறு வழி? பெட்டியில் தெரிந்த எண்ணைப் பார்த்து நானே தட்டச்சு செய்து சீட்டுக் கொடுத்தேன். ஷாரோன் வேண்டாம் என்றாள். எடையைக் கையால் அடிக்கக் கூடாது, அப்படி ஒருநாளும் இங்கே செய்ததில்லை என்றாள். நான்தான் அவளை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எண்ணைப் பார்த்து எண்ணை அடிக்க எனக்குத் தெரியாதா?

செப்டம்பர் 24

தெரியவில்லை.

வழக்கமாக இங்கே எடை போடும் கண்ணாயிரத்தின் நெல் லாரி 24,560 கிலோ. நான் அடித்தது 2,456. கடைசிச் சுழியம் என் விரலுக்கும் விசைக்கும் நடுவில் எங்கேயோ தொலைந்துவிட்டது. ஆலையில் சீட்டைப் பார்த்துச் சிரித்தார்களாம். சரக்கை இறக்கவிடவில்லை. ராத்திரி முழுக்க ஆலை வாசலிலேயே லாரியில் கிடந்துவிட்டுக் காலையில் நேராக இங்கே வந்தார்.

“இன்னா சார், என் வண்டிய பொம்ம வண்டின்னு நெனச்சிக்கினீங்களா? காலி வண்டியே ஒம்போது டன்னு கீது.”

மன்னிப்புக் கேட்டேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“தப்பு வர்றது இருக்கட்டும் சார். கை பட்டுச்சின்னு தெரிஞ்சா அப்பறம் எந்தச் சீட்ட நம்பறது? விக்கறவனும் வாங்கறவனும் ஒர்த்தன ஒர்த்தன் நம்பறது இல்ல. பொட்டியத்தான் நம்பறான்.”

எடைமேடையில் விற்பது எடை இல்லை போலிருக்கிறது. நடுவில் மனுசக் கை படவில்லை என்ற நம்பிக்கையைத்தான் விற்கிறார்கள். எடை எண் பெட்டியிலிருந்து நேராகக் காகிதத்துக்குப் போவதால்தான் இந்தச் சாலையில் நமக்குப் பெயர். அதில்தான் நான் கையை வைத்திருக்கிறேன்.

சீட்டைப் படம் பிடித்து லாரி ஓட்டுநர்களின் வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டார்களாம். ‘ஆட்டோ எடைமேடை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது பெயர்.

செப்டம்பர் 26

நல்ல கம்பெனி கன்வெர்ட்டர் வாங்கி மாட்டினேன். ஓடுகிறது. லாரிதான் இல்லை.

செப்டம்பர் 29 – திங்கள்

வழக்கமான வண்டிகள் பாலாற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் மேடைக்குப் போகின்றன. நம் வாசலைக் கடக்கும்போது ஹாரன் மட்டும் அடிக்கிறார்கள்.

தமிழ்ச்செல்வி கேட்டாள், “அப்பா திட்டினாரா?” இல்லை என்றேன். “அப்ப ரொம்பக் கோவமா இருக்காரு” என்றாள். ஆறுதல் சொல்வதில் இவளை மிஞ்ச ஆளில்லை. குடோன் பார்ட்டி நேற்று அளவு நாடாவோடு வந்து போனார்களாம். அதையும் இவள்தான் சொன்னாள்.

அக்டோபர் 1 – புதன், ஆயுத பூஜை

ஷாரோன் காலையிலேயே எல்லா வயரையும் பிடுங்கி, கணினியைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோலத் துடைத்து வைத்தாள். எடைப் பெட்டியிலிருந்து வரும் கேபிளும் கன்வெர்ட்டரும் மட்டும் திருகாணி போட்டுக் கவ்வியிருந்ததால் அந்த ஜோடியை அப்படியே விட்டுவிட்டாள்.

மாமா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். அவர் பூஜையில் கஞ்சத்தனம் கிடையாது. எடைப் பெட்டி, பிரிண்டர், ஃபேன், வாசல், சுவிட்ச், ஸ்டேப்ளர். ஸ்டேப்ளருக்கும் பொட்டு. நானும் பொரிக்கடலையைத் தின்றுகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொட்டகையில் இருந்த பழைய கணினியைக் கொண்டுவந்து அதன்மேல் பூசணிக்காயை வைத்திருந்தார்கள். நல்ல பீடம். அதற்குப் பொட்டு வேண்டாமா என்று ஷாரோன் கேட்டதற்கு மாமா சொன்னார், “காயலாங்கடைக்குப் போறதுக்கு இன்னாத்துக்குப் பொட்டு?”

மேடை நடுவில் பூசணிக்காயை வைத்து, சூடம் காட்டி, உடைக்கும் முன் பெட்டியைப் பார்த்தேன். பத்து கிலோ காட்டியது. ஊர்க் கண் பத்து கிலோதான் போலிருக்கிறது.

பிறகு ஷாரோனைத் தவிர எல்லோருக்கும் நெற்றியில் வைத்தார். அவள் சர்ச்சுக்குப் போகிறவள், பொரி மட்டும் வாங்கிக்கொண்டாள். எனக்கும் வைக்கவில்லை. மறந்திருப்பார். மறந்துதான் இருப்பார். நாற்பத்துமூன்று வயதில் ஒரு பொட்டுக்காக முகம் வாடுகிறதே, வெட்கமாக இல்லையா எனக்கு? இல்லை. வாடியது.

அக்டோபர் 3 – வெள்ளி

முதலில் இருந்து எழுதுகிறேன். விலா இன்னும் வலிக்கிறது. சிரித்துச் சிரித்துத்தான்.

நேற்று விடுமுறை. இன்று காலை நான் வருவதற்கு முன்பே ஷாரோன் வயர்களை எடுத்துக் கணினியில் செருகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதுவும் முழுசாக உள்ளே போகவில்லை. நான் வாங்கி, “இப்படி அழுத்தணும்மா” என்று அழுத்தி, சுவிட்சைப் போட்டேன்.

முதலில் சந்தன வாசனை வந்தது. அப்புறம் கருகிய வாசனை. அப்புறம் ஒன்றும் வரவில்லை.

டார்ச் அடித்துப் பார்த்தேன். மாமா ஒரு ஓட்டையை விடவில்லை. ஒவ்வொரு யூ.எஸ்.பி. வாயிலும் ஒரு விரல் சந்தனம், அதன்மேல் குங்குமம், மேலே பன்னீர் தெளித்த ஈரம். கன்வெர்ட்டரின் யூ.எஸ்.பி. முனையிலும் அப்படியே அப்பியிருந்தது. போனில் கேட்டால், “வாயி தொறந்து கெடந்துது மாப்ள. எல்லா வாயிக்கும் வெச்சாத்தானே வெளங்கும்?” என்கிறார்.

இந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு லாரி. கண்ணாயிரம். பத்து நாளைக்குப் பிறகு இந்தப் பக்கம் வந்திருக்கிறார். பாலாற்று மேடையில் கூட்டமாம், அவசரமாம். பின்னால் இன்னும் இரண்டு வண்டி.

“பொட்டி அடிக்குமா சார், இல்ல நீங்க அடிக்கப் போறீங்களா?”

அப்போதுதான் கொட்டகைப் பக்கம் சத்தம் கேட்டது. ஆபிரகாம் வந்துவிட்டார். பழைய கணினியைத் தூக்கி மூன்று சக்கர வண்டியில் வைத்தே விட்டார். ஓடினேன். எடைமேடைக்கு வந்த நாளிலிருந்து நான் ஓடியது இதுதான் முதல் தடவை. கொடுத்த சாமானை அவர் திருப்பித் தர மாட்டேன் என்கிறார். நான் இந்தப் பக்கம் இழுக்க, அவர் அந்தப் பக்கம் இழுக்க, கடைசியில் கருகிய புதுக் கணினியைக் காட்டி இதை எடுத்துக்கோங்க என்றேன். முகர்ந்து பார்த்துவிட்டு, நல்ல வாசனையா கீதே என்று வாங்கிக்கொண்டார்.

கன்வெர்ட்டரின் திருகாணியைக் கழற்றினேன். இரண்டும் வாயோடு வாய் கவ்விக்கொண்டு இருந்ததால் கேபிளின் ஒன்பது ஓட்டையிலும் ஒரு துளி சந்தனம் இறங்கவில்லை. பழைய கணினிக்கோ பொட்டே வைக்கவில்லை. செருகித் திருகாணியை முடுக்கினேன். பூசணிக்காய் வட்டம் மேலே அப்படியே இருந்தது. சுவிட்சைப் போட்டதும் மாட்டு வண்டி மாதிரி முனகியது. கடவுளே, எழுந்திரு என்றேன். எழுந்தது.

பழைய குருடி, கதவைத் திறடி.

24,110. பெட்டியில் அதுவே, திரையில் அதுவே, சீட்டில் அதுவே. கண்ணாயிரம் மூன்றையும் ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு, சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எனக்கு அழுகை வந்தது. தூசி என்று ஷாரோனிடம் சொன்னேன். அவளும் நம்புவதாகச் சொன்னாள்.

பத்து மணிக்கு மாமா குங்குமச் சிமிழோடு வந்தார். விட்டுப்போன கணினிக்கு வைக்கிறாராம். ஷாரோன் குறுக்கே பாய்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம் ஐயா. ஒங்க சாமி மேல சத்தியமா வேணாம்.”

விரலில் எடுத்த குங்குமத்தை என்ன செய்வது என்று மாமா அங்குமிங்கும் பார்த்தார். பிறகு என் நெற்றியில் வைத்தார்.

அக்டோபர் 8

மழை. லாரி குறைவு. உட்கார்ந்து யோசிக்க நேரம் கிடைக்கிறது.

இந்த ஒன்பது ஊசியை ஏன் உலகம் இன்னும் தூக்கிப் போடவில்லை? ஒவ்வொரு லாரியும் ஏறும்போது அறை குலுங்குகிறது. யூ.எஸ்.பி. கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வரும். இதைத் திருகாணி போட்டுக் கட்டிவைத்திருக்கிறார்கள். பெட்டிக்கும் கணினிக்கும் நடுவில் கேபிள் நல்ல நீளமாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை, யூ.எஸ்.பி. கொஞ்ச தூரத்திலேயே மூச்சு வாங்கும். இது யாரையும் ஒன்றும் கேட்பதில்லை. நீ யார், எந்த ஊர், உன் சில்லு அசலா என்ற விசாரணை இல்லை. எடை இவ்வளவு, எடை இவ்வளவு என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும், கேட்கிறவன் கேட்டுக்கொள்ளலாம். பழைய கணினிக்கு இணையமும் இல்லாததால் ராத்திரியில் யாரும் வந்து அதன் மனசை மாற்றுவதும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, அந்த முத்திரை வைத்த பெட்டி இருக்கிறவரை அதோடு பேச ஒரு வாய் வேண்டும்.

நானும் ஒரு சீரியல் போர்ட்தான் என்று இந்த இடத்தில் எழுதினால் கவிதை ஆகிவிடும். வேண்டாம். எனக்குத் திருகாணி கிடையாது.

என்றைக்காவது இந்தக் கிழம் மண்டையைப் போடும். அதனால் ஆபிரகாமிடம் சொல்லி வைத்திருக்கிறேன், பின்னால் ஒன்பது ஊசி இருக்கும் எந்தப் பெட்டி வந்தாலும் எனக்குத்தான்.

அக்டோபர் 18 – சனி

கண்ணாயிரம் போன் செய்தார். அவர் மச்சினி ஜாய்ஸ் சதுரங்கப்பட்டினத்தில் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறாள். மெஷின் நன்றாக இருக்கிறது, கணினி செத்துவிட்டது, புதுசில் அந்த ஓட்டை இல்லையாம். “எங்க சார் ஒர்த்தர் கீறாரு, அந்த மாரி பழசெல்லாம் பாப்பாரு” என்று சொல்லிவிட்டாராம்.

எங்க சார்.

போனேன். ரத்தத்தை எண்ணும் மெஷினின் பின்னால் குனிந்தால், அதே ஒன்பது ஊசி. ஊரில் பழைய சொந்தக்காரனைப் பார்த்ததுபோல இருந்தது. ஆபிரகாம் கொடுத்த பெட்டியைச் சேர்த்தேன். அந்தப் பெண் அதுவரை ரிசல்ட்டைக் கையால் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். என் சுழியம் ஞாபகம் வந்தது. நெல்லுக்குப் போனால் சிரிப்பார்கள், ரத்தத்துக்குப் போனால்?

அக்டோபர் 20 – தீபாவளி

மாமா குடோனைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதிரசம் நன்றாக இருந்தது.

நவம்பர் 9 – ஞாயிறு

ஃபிளாட் சங்கக் கூட்டம். தண்ணீர் பிரச்சினையைப் படம் போட்டு விளக்க ரஞ்சித்குமார் என்ற இளைஞர் காகிதம்போல ஒரு மடிக்கணினி கொண்டு வந்தார். மண்டபத்து புரொஜெக்டரில் இருப்பதோ நீல வாய், பதினைந்து ஊசி. வந்திருந்தவர்களில் பாதிப் பேர் இன்ஜினியர்கள். எல்லோரும் ஒரே ஓட்டையைச் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள். நான் பையிலிருந்து ஒரு வயரை எடுத்துக் கொடுத்தேன். கைதட்டல். அதன் பிறகும் தண்ணீர் பிரச்சினை தீரவில்லை.

“உன் பையில இன்னும் என்னதான் இருக்கு?” என்று தமிழ்ச்செல்வி கேட்டாள். காட்டினேன். அவள் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, நாளையிலிருந்து நல்ல பையாக எடுத்துப் போகச் சொன்னாள்.

நவம்பர் 27

மாமல்லபுரம் லாட்ஜ் ஒன்றில் பில் அடிக்கும் பழைய பிரிண்டர். திருப்போரூரில் இன்னொரு எடைமேடை. காலையில் அங்கே, மதியம் இங்கே. ஃபேனைப் பார்த்து மாதக்கணக்காகிறது. அதைத் துடைக்க வேண்டும் என்று இன்றுதான் தோன்றியது.

மாமாவிடம் நேராகக் கேட்டுவிடலாமா? குடோன் என்ன ஆயிற்று என்று? தைரியம் இல்லை. வண்டிகள் திரும்பி வந்துவிட்டன, அது தெரியும். அவர் மனசு தெரியவில்லை.

டிசம்பர் 12 – வெள்ளி

காலையில் திருப்போரூரில் வேலை. எடைமேடைக்கு வர மதியம் ஆகிவிட்டது. வாசலில் ஏணி. பெயர்ப் பலகைக்குப் புது வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார் ஒருவர். மாமா கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை.

இடத்தை விற்கப் போகிறவர் பலகைக்கு வண்ணம் அடிப்பாரா என்று நினைத்துக்கொண்டே வண்டியை நிறுத்தினேன். நரசிம்மன் எடைமேடை. அது பழையபடி. அடியில் மாமாவின் போன் எண் இருந்த இடத்தில் வேறு எண். பாதி படித்த பிறகுதான் உறைத்தது. என் எண்.

பெயரைப் பெரிசாக எழுதிவிட்டதால் எண்ணுக்கு இடம் பற்றவில்லை. ஒன்பது எண்தான் பலகையில் வந்திருந்தது.

“கடைசி நம்பர் இல்லையே மாமா” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “ஆமா மாப்ள. ஒங்களுக்குத்தான் கடேசி நம்பர் நிக்காதே” என்றார். பிறகு ஏணியில் இருந்தவரிடம், “யோவ், வுட்ராத. சின்னதா இருந்தாலும் பரவால்ல, ஓரமா ஏத்தி எழுது” என்றார்.

எழுதினார். ஓரத்தில், கொஞ்சம் தூக்கலாக, சின்னதாக ஒரு சுழியம். சாலைக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தேன். அங்கிருந்தும் தெரிகிறது.